ஒரே சட்டி ஞாயிறு

செருப்புப் பெட்டிகளை வைத்து ஜெர்மனியைக் கட்டலாம் என்பதை எங்கள் வீட்டில்தான் கண்டுபிடித்தோம். என் மகள் சப்ரீனா ஒன்பதாம் வகுப்பு. சோஷியல் பாடத்தில் ஹிட்லர் காலத்து ஜெர்மனி வருகிறது. அங்கே சாதாரண சனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை ஒரு மாடலாகச் செய்து பள்ளிக்கூடக் கண்காட்சியில் வைக்க வேண்டுமாம். இதற்கு எங்கே போவது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, என் மாப்பிள்ளை, அதாவது சப்ரீனாவின் வாப்பா, முகம்மது ரிபாய் அஜ்மான் சூக்குக் கடைத்தெருவில் இருக்கும் தன் செருப்புக் கடையிலிருந்து காலிப் பெட்டிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து ஹாலில் கொட்டினார்.

"இந்தாம்மா, உன் ஜெர்மனி" என்றார்.

அவர் அப்படித்தான். பேச்சு குறைவு, காரியம் அதிகம். நான் அதற்கு நேர்மாறு. கீழக்கரையில் என் வாப்பா, "ஹாலிதா வாயைத் தொறந்தா கடல்ல கிடக்குற மீனு கரையேறிப் பதில் சொல்லும்" என்று கேலி செய்வார். அஜ்மானுக்கு வந்து இத்தனை காலம் ஆகியும் அந்த வாய் அடங்கவில்லை.

ஜெர்மனியை எங்களில் யாரும் பார்த்ததில்லை. அதனால் சப்ரீனா எங்கள் பில்டிங்கையே பார்த்துப் பார்த்துக் கட்டினாள். அதே மாடிகள், அதே பால்கனி, ஒரு வீட்டுக் கதவுக்கு எதிரே இன்னொரு வீட்டுக் கதவு. ரிபாய் பக்கத்தில் உட்கார்ந்து பிளேடால் ஜன்னல்கள் வெட்டிக் கொடுத்தார். நான் பழைய பர்தாத் துணியில் திரைச்சீலை தைத்தேன்.

"ஒவ்வொரு பில்டிங்குக்கும் ஒரு ஆள் இருப்பான், உம்மா. பிளாக் வார்டன். யார் வீட்டு ஜன்னல்ல கொடி தொங்குது, யார் வீட்ல தொங்கலை, யார் யூதர் கடையில போய் சாமான் வாங்குறாங்கன்னு பார்த்து மேல ரிப்போர்ட் பண்ணணும்" என்றாள் சப்ரீனா.

"வேலை வெட்டி இல்லாத பயலா?"

"இன்னும் இருக்கு, கேளுங்க. விண்டர்ல மாசம் ஒரு சண்டே எல்லாரும் ஒரே சட்டியில ஆக்குன சாப்பாடுதான் சாப்பிடணும். அதுல மிச்சமாகுற காசை ஏழைங்களுக்குன்னு சொல்லி வாசல்ல வந்து வாங்கிக்குவாங்க. அன்னைக்குன்னு யார் வீட்லயாவது கறி பொரிக்கிற வாசனை வந்துச்சுன்னா, ஃபினிஷ்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "யா அல்லாஹ்! ஊரான் வீட்டுச் சட்டியை மோந்து பாக்குற கவர்மெண்டா? நானெல்லாம் அங்க இருந்திருந்தா கருவாடு பொரிச்ச மொத நாளே உள்ள தூக்கிப் போட்டிருப்பான்."

"போலீஸ் எல்லா வீட்டுக்கும் வரவே இல்லை, உம்மா. சீக்ரெட் போலீஸ் கொஞ்சம் பேர்தான். நெறய விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரங்கதான்னு மிஸ் சொன்னாங்க. பழைய சண்டைக்காகச் சொன்னவங்க இருக்காங்க. அந்த வீடு தனக்கு வேணும்னு சொன்னவங்களும் இருக்காங்க. யூதர் குடும்பம் ஊரை விட்டுப் போகும்போது அவங்க சோஃபா, கட்டில் எல்லாத்தையும் சீப்பா வாங்கிக்கிட்டாங்களாம். கேட்டா, ஹெல்ப் பண்றோம்னு சொல்லுவாங்களாம்."

"சீ! அதுவும் ஒரு பொழப்பா? அந்தக் கட்டில்ல எப்படிப் படுத்துத் தூங்குவாங்க?"

ரிபாய் பிளேடிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "சட்டம்னு ஒண்ணு போட்டுட்டான். இல்லாததையா சொன்னாங்க? இருக்கிறதைத்தானே சொன்னாங்க."

மனுசன் எங்களைச் சீண்டுகிறார் என்றுதான் நினைத்தேன். "ஆமா, பெரிய ஜட்ஜு வந்துட்டாரு, ஜன்னலைக் கோணலா வெட்டாம பாருங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அட்டைத் தூளை ஊதினார்.

சப்ரீனா காகிதத்தில் சின்னச் சின்ன ஆட்களை வெட்டி ஒவ்வொரு ஜன்னலிலும் ஒட்டினாள். கீழே வார்டன். ஒரு வீட்டில் சட்டியோடு ஒருத்தி. பெட்டி கட்டும் குடும்பம் ஒன்று. அதற்கு எதிர் வீட்டுத் திரைக்குப் பின்னால், பாதி முகம் மட்டும் தெரிய, இன்னொருத்தி.

"இவ யாரு, ஒளிஞ்சு நிக்கிறா?"

"இவளுக்கு எல்லாம் தெரியும். ஆனா வாயைத் தொறக்க மாட்டா. இந்த டைப்தான் இருந்ததிலேயே ஜாஸ்தின்னு மிஸ் சொன்னாங்க."

"அப்ப இவளைத்தான் மொதல்ல செருப்பால அடிக்கணும்" என்றேன். சொல்லிவிட்டு ஹாலைப் பார்த்தேன், செருப்புக்கு என்ன பஞ்சம் என்று மூன்று பேரும் சிரித்தோம்.

எங்கள் எதிர் வீடு அருணாவினுடையது. புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண், இரண்டு சின்னப் பிள்ளைகள். அவள் புருசன் ஐயப்பனுக்கு ஒரு கம்பெனியில் பைப் ஃபிட்டர் வேலை. அந்தக் கம்பெனி படுக்கிற நிலைக்கு வந்துவிட்டது. சம்பளம் வருகிறது, வரவில்லை என்று மாதக்கணக்கில் இழுத்தபோது அருணா என் வீட்டுச் சோஃபாவில் உட்கார்ந்து அழுதாள். "அழுதா அடுப்பு எரியுமா புள்ளே? உன் கையில ருசி இருக்கு. பேச்சலர் பயலுவோ நல்ல சோத்துக்கு ஏங்கிக் கிடக்குறானுவோ. ஆக்கிப் போடு" என்று நான்தான் சொன்னேன். அப்படி ஆரம்பித்ததுதான் அவளுடைய மெஸ். வீட்டிலேயே சமைத்து, அடுக்கு டிபன் கேரியரில் கட்டி அனுப்புவாள். முதல் வாடிக்கையே ரிபாய்தான். தனக்கும் கடைப் பையன்களுக்கும் மதியச் சாப்பாடு அருணா வீட்டிலிருந்துதான் போகும். அந்த மெஸ்ஸால்தான் அவள் பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடம் போனார்கள், குடும்ப விசாவும் ரத்தாகாமல் நின்றது.

ஆனால் எங்களுடையது ஃபேமிலி பில்டிங். வீட்டுக்குள் வியாபாரம் கூடாது, கூடுதல் கேஸ் சிலிண்டர் கூடாது என்று மேனேஜ்மெண்ட் ஆபீஸ் போட்ட சட்டம் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கும். எல்லோரும் தினமும் அதைப் படித்துக்கொண்டே அருணா வீட்டுச் சாம்பார் வாசனையை இழுத்துக்கொண்டு மேலே ஏறுவோம். யாரும் வாய் திறந்ததில்லை.

என் வீட்டுக் கவலை வேறு. தங்கச்சி ஜுபைதா சவூதியில், தம்மாமில் இருந்தாள். அவள் மாப்பிள்ளைக்கு எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற துபாய்க்கு வேலை மாறிவிட்டது, இந்தப் பக்கம் வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரே பில்டிங்கில் அக்காளும் தங்கச்சியும் இருந்தால் எப்படி இருக்கும் என்று நான் ரிபாயின் உயிரை எடுத்தேன். "எதிர் வீடு மட்டும் காலியா இருந்தா எம்புட்டு நல்லா இருக்கும், மச்சான்" என்று ஒருநாள் சொன்னேன். ஆசையில் வருகிற பேச்சுதானே, வேறென்ன.

ஞாயிற்றுக்கிழமை சப்ரீனாவுக்கு ஒரு யோசனை. ஒரே சட்டி ஞாயிறை நாமும் செய்து போட்டோ எடுத்து மாடலுக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன? அருணாவிடம் சொன்னதும் அவளுக்குக் குஷி. "ஒரே சட்டின்னா கூட்டாஞ்சோறுதானேக்கா! ஜெர்மனிக்காரனுக்கு அதெல்லாம் தெரியுமா?" என்று பெரிய குண்டாவை அடுப்பில் ஏற்றினாள். அரிசி, பருப்பு, முருங்கைக்காய், கத்திரிக்காய், மாங்காய் என்று எல்லாம் ஒன்றாக வெந்து கொதித்தது. சப்ரீனா வாப்பாவின் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வார்டன் மாதிரி வந்து கரண்டியால் சட்டியைத் தட்டி, "இந்த வீட்டில் கறி வாசனை வருகிறதே!" என்று அதட்டினாள். அருணாவின் பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். ரிபாய் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "கைமணம்னா இதுதான்மா" என்று அருணாவிடம் சொன்னார். அவர் வாயிலிருந்து பாராட்டு வந்ததைப் பார்த்து நான்கூடப் பொறாமைப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை கடைக்குக் கிளம்பும்போது ரிபாய் நின்றார். "இன்னைக்கு மதியத்துக்கு நீயே கட்டிக் குடு. அருணா வீட்ல வேணாம்."

"ஏன், கூட்டாஞ்சோறு செரிக்கலையா?"

"குடு" என்றார். முந்தின நாள் மீன் ஆணத்தையும் சோற்றையும் டப்பாவில் அடைத்துக் கொடுத்தேன்.

அன்று முற்பகலில் எதிர் வீட்டில் தடதடவென்று சத்தம். கதவைத் திறந்து பார்த்தால் மேனேஜ்மெண்ட் ஆபீஸ் ஆட்கள் மூன்று பேர் உள்ளே நின்றார்கள். அடுக்களை முழுக்கக் கேரியர்கள், அரிசி மூட்டை, கொதிக்கிற குண்டா. ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தார். இன்னொருவர் யாரையும் எதுவும் கேட்காமல் நேராகப் பால்கனிக்குப் போனார். துணி காயப்போடும் கம்பிக்குப் பின்னால் ஒரு பூப்போட்ட போர்வை கிடந்தது. அதை எடுத்த எடுப்பில் தூக்கினார். அதற்குக் கீழேதான் கூடுதல் சிலிண்டர்கள் இருந்தன.

நான் வாயைத் திறந்தேன். இங்கிலீஷ், ஹிந்தி, தமிழ் எல்லாம் கலந்து கத்தினேன். விருந்தாளிக்குச் சமைக்கிறாள் என்றேன், பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் என்றேன். "கலாஸ், மேடம்", முடிந்தது என்று சொல்லிவிட்டு அந்த ஆள் என்னைத் தாண்டிப் போனார். ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இல்லையென்றால் மேலே புகார் போகும். அருணா அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் கரண்டியோடு நின்றாள். சாம்பார் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

"எப்படிக்கா நேராப் போயி அதைத் தூக்குனாங்க? உள்ள வந்து போறவங்க யாரோதான்க்கா சொல்லிருக்காங்க" என்றாள்.

எனக்குச் சட்டென்று சதக்கத்துல்லாவின் ஞாபகம் வந்தது. பில்டிங்குக்குக் கீழே கஃபடேரியா நடத்துகிற தொண்டிக்காரர். அருணாவின் மெஸ் வந்த பிறகு அவர் கடையில் மதியக் கூட்டம் குறைந்திருந்தது. சிலிண்டர் அனுப்புவதும் அவர்தான். பர்தாவை இழுத்துப் போட்டுக்கொண்டு கீழே போய், டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு புள்ளை பெத்தவ வயித்துல அடிச்சிட்டியே, நீ நல்லா இருப்பியா? தொழுவுற நெத்தியா இது?"

அவர் சட்டுவத்தைக் கீழே வைத்தார். "லாத்தா, அவங்க மெஸ்ஸுக்கு அரிசியும் சிலிண்டரும் நம்ம கடையிலேருந்துதான் போவுது. மெஸ்ஸை மூடுனா எனக்கும்தான் நட்டம். நான் வாசல்ல வச்சிட்டு வர்றவன். பால்கனியில எங்க வச்சிருக்காங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கதை அளக்காதே!" என்று கத்திவிட்டு வந்தேன். அந்த மனுசன் முகம் வாடிப்போனதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு மனம் இளகவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

அடுத்த சில நாட்களில் அந்த வீடு கலைந்தது. ஐயப்பன் கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப்புக்குப் போவதென்றும், அருணாவும் பிள்ளைகளும் ஊருக்குப் போவதென்றும் முடிவானது. படிப்பு பாதியில் நின்றது. சாமான்களை வந்த விலைக்குக் கொடுத்தாள். கிரைண்டரை யாரோ அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். "அவனுக்கு ஏன் குடுக்குற, நானே எடுத்துக்கிறேன்" என்று நான் வாங்கிக்கொண்டேன். அவளுக்கு ஒரு உதவியாக இருக்கட்டுமே என்றுதான் வாங்கினேன். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிய அன்று ரிபாய் கடையைக் கடைப் பையன்களிடம் விட்டுவிட்டு வந்தார். பெட்டிகளை அவரே தூக்கிக்கொண்டு போய்க் காரில் ஏற்றினார். சின்னவனுக்கு ஒரு ஜோடி புது ஷூ. அருணா என் தோளில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன். சப்ரீனா மட்டும் அழாமல் கிரைண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கண்காட்சியில் சப்ரீனாவின் மாடலுக்கு முதல் பரிசு கிடைத்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து டைனிங் டேபிளில் வைத்தோம்.

அந்த வாரமே ஒரு மதியம் ரிபாய் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், என் உள்ளங்கையைப் பிரித்து அதில் ஒரு சாவியை வைத்தார். "ஜுபைதாவுக்கு எதிர் வீடு கெடச்சிருச்சு."

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை, பொய் சொல்லவில்லை. தம்மாமுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அந்தப் பக்கம் ஜுபைதாவும் கத்தினாள். ரிபாய் கை கழுவப் போனார். நான் சாவியோடு ஓடி எதிர்க் கதவைத் திறக்கப் போனேன். கதவு திறந்தேதான் கிடந்தது. வாட்ச்மேன் ஜமால் உள்ளே பெயிண்ட் வாளியோடு நின்றான். பங்களாதேஷ்காரன், எல்லோரிடமும் நன்றாகப் பழகுவான்.

"முபாரக், பாபி!" என்றான். "பாய் தோ பெஹ்லே ஸே போலா தா." பாய்தான் முதலிலேயே சொல்லி வைத்துவிட்டாரே என்றான்.

"முதல்லன்னா? இவங்க போனப்புறமா?"

அவன் பல்லைக் காட்டிச் சிரித்தான். போன பிறகு இல்லையாம். அதற்கு முன்னாலேயே, நீங்கள் எல்லோரும் இங்கே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு போட்டோ எடுத்தீர்களே, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் முந்தின வாரம். பாய் மேனேஜ்மெண்ட் ஆபீசுக்கு வந்து, இந்த வீடு காலியாகும், காலியானால் என் மச்சினிக்குத்தான் என்று பேசிவிட்டுப் போனாராம். மேனேஜர் சாப் கூட அவரை டீ குடிக்கவைத்து அனுப்பினாராம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை டப்பா ஞாபகம் வந்தது. நீயே கட்டிக் குடு, அருணா வீட்ல வேணாம். அன்று அருணா வீட்டிலிருந்து சோறு வராது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு முந்தின ஞாயிறு அவள் சட்டியிலிருந்து கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றிருக்கிறார். அந்தப் பூப்போட்ட போர்வையும் ஞாபகம் வந்தது. சிலிண்டரில் வெயில் படக்கூடாது, மூடி வையுங்கள் என்று சொல்லி எங்கள் வீட்டுப் போர்வையைக் கொண்டுபோய் மூடியதும் இவர்தான்.

வீட்டுக்குள் வந்தேன். ரிபாய் டேபிளில் மாடலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"நீங்களா சொன்னீங்க?"

அவர் இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அல்லாஹ்மேல் சத்தியமாக, அவர் ஒரு பொய் சொல்லமாட்டாரா என்று ஏங்கினேன்.

"இல்லாததையா சொன்னேன்?" என்றார். "அத்தனை சிலிண்டர். நாளைக்கு நெருப்புப் புடிச்சா நம்ம புள்ளையும்தான் இதே மாடியில இருக்கு. ரூல் இருக்குல்ல."

"நெருப்புக்குப் பயந்தவரு அவகிட்ட சொல்ல வேண்டியதுதானே? அவ வீட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டு..."

"சும்மா கத்தாதே. எதிர் வீடு காலியானா நல்லா இருக்கும்னு சொன்னது யாரு? யாருக்காகச் செஞ்சேன்?" சோற்றைப் பிசைந்தார். "போனவங்களுக்கு நான் என்ன குறை வச்சேன்? பெட்டி தூக்கிவிட்டேன். ஷூ வாங்கிக் குடுத்தேன். ஆணம் ஊத்து."

அந்த முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை, வெட்கம் இல்லை, ஒன்றுமே இல்லை. காலிப் பெட்டிகளைக் கொட்டிவிட்டு "இந்தாம்மா" என்று சொன்ன அதே முகம். இத்தனை வருசம் இந்த மனுசனோடுதானா குடும்பம் நடத்தினேன்? திரும்பினால் வாசலில் சப்ரீனா. பள்ளிக்கூடப் பை தோளிலேயே இருந்தது. எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. அருணா, வீடியோ காலில். என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் விரல் பழக்கத்தில் எடுத்துவிட்டது.

"அக்கா! நல்லா இருக்கீங்களா? பிள்ளைகளை இங்க பள்ளிக்கூடத்துல சேத்துட்டேன்க்கா. அழுவுதுக, போகப் போகப் பழகிரும். அண்ணன் எங்க? அண்ணனைக் கேட்டதாச் சொல்லுங்க. கூடப் பொறந்தவன்கூட அப்படிப் பெட்டி தூக்கிவிட மாட்டான்க்கா. உங்க ரெண்டு பேரையும் நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்."

ரிபாய் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

"ஏன்க்கா ஒரு மாதிரி இருக்கீங்க? அது கெடக்கட்டும். யாருக்கா சொன்னது? தெரிஞ்சுச்சா?"

என் வாய் திறந்தது. மூன்று பாஷையில் கத்துகிற வாய். எதிரே ரிபாய், பக்கத்தில் சப்ரீனா, கைக்குள் சாவி. ஜுபைதா அந்நேரம் பெட்டி கட்ட ஆரம்பித்திருப்பாள்.

"வேற யாரு புள்ளே. அந்தச் சதக்கத்துல்லாதான்" என்றேன்.

"நெனச்சேன்க்கா" என்றாள் அருணா. "போவட்டும் விடுங்க. அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கும்."

போனை வைத்தேன். ரிபாய் எழுந்து கை கழுவப் போனார். சப்ரீனா பையை இறக்கிவிட்டு டேபிளுக்கு வந்தாள். மாடலுக்குள் விரலை விட்டு, திரைக்குப் பின்னால் பாதி முகம் காட்டி நின்ற அந்தக் காகிதப் பொம்பளையை மெதுவாகப் பிய்த்து எடுத்தாள். அதை என் சாவிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உம்மா, இவளை எதால அடிக்கணும்னு சொன்னீங்க?"

ஹாலின் மூலையில் மிச்சமிருந்த செருப்புப் பெட்டிகள் அப்படியே அடுக்கிக் கிடந்தன.